பழைய சளி வைரஸ்களின் நினைவு கோவிட்டின் தீவிரத்தை மாற்றுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே வீட்டில், ஒரே வாரத்தில் கோவிட் வந்தவர்களில் ஒருவருக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது, இன்னொருவருக்கு லேசான தொண்டை வலியோடு முடிந்துவிட்டது. வயது, சர்க்கரை நோய், உடல் பருமன், உடலுக்குள் போன வைரஸின் அளவு என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் விளக்கம் கிடைக்காத மிச்சம் ஒன்று இருந்தது. அதில் ஒரு பங்கை, நம் உடல் முன்பே சந்தித்த உறவுக்கார வைரஸ்களின் நினைவு விளக்குகிறது. இதைப் பற்றி மிகையான நம்பிக்கையும் மிகையான பயமும் மாறி மாறிப் பரவியதால், தெரிந்ததை நிதானமாகச் சொல்ல இந்தப் பக்கம்.

கோவிட்டுக்கு முன்பே எனக்குக் கொரோனா வைரஸ் வந்திருக்குமா?

கிட்டத்தட்ட நிச்சயமாக வந்திருக்கும். மனிதர்களிடையே சாதாரணமாகச் சுற்றிவரும் கொரோனா வைரஸ்கள் நான்கு: 229இ, ஓசி43, என்எல்63, எச்கேயு1. முதல் இரண்டும் 1960-களிலேயே கண்டுபிடிக்கப்பட்டவை. என்எல்63 நெதர்லாந்தில் 2004-லும், எச்கேயு1 ஹாங்காங்கில் 2005-லும் அடையாளம் காணப்பட்டன. நமக்கு வரும் ஜலதோஷங்களில் ஒரு கணிசமான பங்கு இவற்றால் வருவதுதான். பெரும்பாலான குழந்தைகள் சின்ன வயதிலேயே இவற்றில் சிலவற்றைச் சந்தித்துவிடுகிறார்கள். அப்புறம் வாழ்நாள் முழுக்க அவை திரும்பத் திரும்ப வருகின்றன.

இந்த நான்கில் ஓசி43, எச்கேயு1 இரண்டும் கோவிட் வைரஸ் இருக்கும் பீட்டா பிரிவைச் சேர்ந்தவை. மற்ற இரண்டும் ஆல்ஃபா பிரிவு. (கோவிட்டின் ஆல்ஃபா, பீட்டா திரிபுகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு பெயர்வரிசை.) இவற்றைவிட நெருங்கிய உறவு 2002-03-ல் பரவிய சார்ஸ் வைரஸ். ஆனால் அது உலகம் முழுவதும் சேர்த்தே சுமார் 8,000 பேருக்குத்தான் வந்தது. அதனால் நம்மில் பெரும்பாலோரின் உடலில் இருக்கும் பழைய நினைவு, இந்த நான்கு சளி வைரஸ்களுடையதுதான்.

அப்படி நினைவு இருந்தும் கோவிட் ஏன் இவ்வளவு பேருக்குத் தொற்றியது?

தொற்றைத் தடுப்பது வேறு, நோய் முற்றாமல் பார்த்துக்கொள்வது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் 2020-ல் பாதி விவாதங்கள் திசை தவறின.

தொற்றையே தடுக்க வேண்டுமென்றால், வைரஸ் செல்லுக்குள் நுழையும் முன்பே அதைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடிகள் போதுமான அளவில், அதுவும் மூக்கிலும் தொண்டையிலும் இருக்க வேண்டும். அவை பிடிப்பது, வைரஸின் மேற்பரப்பில் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தின் நுனிப்பகுதியை. சளி வைரஸ்களின் ஸ்பைக்குக்கும் கோவிட் ஸ்பைக்குக்கும் அமினோ அமில வரிசையில் ஒற்றுமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பழைய சார்ஸோடு ஒப்பிட்டால் அது முக்கால் பங்கு. என்எல்63 வைரஸ் கோவிட்டைப் போலவே, செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏசிஇ2 என்ற புரதத்தின் வழியாகத்தான் செல்லுக்குள் போகிறது. இருந்தாலும் அதன் நுனிப்பகுதி வேறு வடிவம் என்பதால், அதற்கு எதிராக உருவான ஆன்டிபாடி கோவிட்டைப் பிடிக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சளி கொரோனா வைரஸ்கள் தங்களுக்கு எதிரான நினைவையே தாண்டி வருபவை. ஆம்ஸ்டர்டாமில் பத்து ஆண்களின் ரத்த மாதிரிகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, அதே வைரஸ் பன்னிரண்டு மாத இடைவெளியிலேயே மறுபடி தொற்றுவது சகஜமாக இருந்தது. 1990-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு இன்னும் தெளிவானது. தன்னார்வலர்களின் மூக்கில் 229இ வைரஸை விட்டு, ஒரு வருடம் கழித்து அதையே மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். முன்பு தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு மறுபடியும் தொற்றியது. ஆனால் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை. கொரோனா வைரஸ்களுக்கு எதிரான நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஆன்டிபாடி தடுக்கவில்லை என்றால், நினைவு எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் டி செல்கள் என்ற ஒருவகை வெள்ளையணுக்களில். ஆன்டிபாடிக்கு வைரஸின் வெளித்தோற்றம்தான் கண்ணில் படும். டி செல் அப்படியல்ல. வைரஸ் நுழைந்துவிட்ட செல், உள்ளே இருக்கும் வைரஸ் புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டித் தன் மேற்பரப்பில் காட்டும். அந்தத் துண்டை டி செல் அடையாளம் கண்டுகொள்கிறது. அதனால் வைரஸின் உள்புரதங்களும் அதற்கு இலக்கு. வைரஸ் தன்னை நகலெடுக்கப் பயன்படுத்தும் உள்புரதங்கள் கொரோனா குடும்பம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ஏனென்றால் அவற்றை மாற்றினால் வைரஸால் பெருகவே முடியாது. ஸ்பைக்கின் நுனி எவ்வளவு மாறினாலும் இந்தப் பகுதி அதிகம் மாறாது.

2020-ல் கலிஃபோர்னியாவின் லா ஹோயா ஆய்வு நிறுவனத்தில் ஷேன் கிராட்டி, அலெஸ்ஸாண்ட்ரோ செட்டே ஆகியோரின் குழுக்கள் 2015 முதல் 2018 வரை எடுத்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைச் சோதித்தன. கோவிட் என்ற நோயே இல்லாத காலத்து ரத்தம் அது. அதில் 40 முதல் 60 சதவீத மாதிரிகளில் கோவிட் வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இருந்தன. பெர்லினில் ஒரு குழு, தொற்று வராத ஆரோக்கியமானவர்களில் சுமார் மூன்றில் ஒருவரிடம் ஸ்பைக்குக்கு எதிரான டி செல்களைக் கண்டது. அவை பெரும்பாலும் ஸ்பைக்கின் நுனியை அல்ல, அதிகம் மாறாத அடிப்பகுதியைக் குறிவைத்தன. சிங்கப்பூரில் அந்தோனியோ பெர்த்தோலெத்தியின் குழு இன்னொரு வியப்பைச் சொன்னது: 2003-ல் சார்ஸ் வந்து பிழைத்தவர்களிடம் 17 ஆண்டுகள் கழித்தும் சார்ஸ் டி செல்கள் இருந்தன, அவை கோவிட் வைரஸின் புரதத்தையும் அடையாளம் கண்டன.

சோதனைக்குழாயில் இருப்பது சரி. நிஜத்தில் நோயின் தீவிரம் குறைந்ததா?

குறைந்தது என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாஸ்டனில் ஒரு மருத்துவமனைக் குழு, 2015 முதல் 2020 தொடக்கம் வரை சளி கொரோனா வைரஸ் இருப்பது பரிசோதனையில் உறுதியானவர்களைப் பதிவேடுகளிலிருந்து எடுத்தது. அவர்களுக்குக் கோவிட் தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறையவில்லை. ஆனால் தொற்றி மருத்துவமனைக்கு வந்தவர்களில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதும் இறப்பதும் குறைவாக இருந்தது. 1990 ஆய்வு காட்டிய அதே கோலம்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அஜித் லால்வானியின் குழு, கோவிட் நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த 52 பேரை ஆரம்ப நாட்களிலேயே பிடித்து ரத்தம் எடுத்தது. அவர்களில் 26 பேருக்குத் தொற்றவில்லை. தொற்றாதவர்களிடம், குறுக்காக வேலை செய்யும் (அதாவது சளி வைரஸுக்காக உருவாகி, கோவிட்டையும் அடையாளம் காணும்) நினைவு டி செல்கள் அதிகம் இருந்தன. அதிலும் கவனிக்க வேண்டியது, அந்த வேறுபாடு வைரஸின் உள்புரதத்தைக் குறிவைத்த செல்களில் தெரிந்தது.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் மாலா மைனியின் குழு செய்தது இன்னும் சுவாரசியம். முதல் அலையில் மருத்துவமனைப் பணியாளர்களை வாராவாரம் சோதித்தார்கள். சிலருக்குப் பிசிஆர் ஒருமுறைகூட பாசிட்டிவ் ஆகவில்லை, ஆன்டிபாடியும் உருவாகவில்லை. பார்த்தால் தொற்றே வராதவர்கள். ஆனால் அவர்கள் ரத்தத்தில் வைரஸின் நகலெடுக்கும் புரதங்களுக்கு எதிரான டி செல்கள் பெருகியிருந்தன. வைரஸைச் சந்தித்ததற்கு அடையாளமான ஒரு மரபணுச் சமிக்ஞையும் இருந்தது. அதாவது வைரஸ் உள்ளே வந்திருக்கிறது, காலூன்றும் முன்பே துடைத்தெறியப்பட்டிருக்கிறது. அந்த டி செல்களில் சில தொற்றுக்கு முன்பே அவர்களிடம் இருந்தவை.

2023-ல் இன்னொரு துண்டு வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் எலும்பு மஜ்ஜை கொடையாளர் பதிவேட்டிலிருந்த, தடுப்பூசி போடாத சுமார் 30,000 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, எச்எல்ஏ-பி1501 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கோவிட் அறிகுறியே இல்லாமல் போகும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் இருந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களுக்கு எட்டு மடங்குக்கும் மேல். காரணத்தைத் தேடியபோது, இந்த மரபணு செல்லின் மேற்பரப்பில் காட்டும் ஒரு ஸ்பைக் துண்டு, ஓசி43, எச்கேயு1 வைரஸ்களின் துண்டோடு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. பழைய சளிக்காக உருவான டி செல் புதிய வைரஸையும் அடையாளம் கண்டுகொண்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பென்சில்வேனியாவில் ஸ்காட் ஹென்ஸ்லியின் குழு கோவிட்டுக்கு முந்தைய ரத்த மாதிரிகளில் சளி வைரஸ் ஆன்டிபாடிகளை அளந்தது. அவை அதிகம் இருந்தவர்களுக்குத் தொற்றோ தீவிர நோயோ குறையவில்லை. என் பார்வையில் இது மேலே சொன்னவற்றோடு மோதவில்லை. ஆன்டிபாடியை அளந்தால் ஒரு பதில், டி செல்லை அளந்தால் வேறு பதில் என்பதே இதன் பாடம். ஆனால் பாஸ்டன், இம்பீரியல் போன்ற ஆய்வுகள் சிறியவை அல்லது கடந்தகாலப் பதிவுகளை வைத்துச் செய்தவை என்பதையும் மறக்கக்கூடாது. பழைய நினைவு ஒரு காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். அதுவே முதன்மைக் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

குழந்தைகளுக்கு லேசாக வந்ததற்கு இதுதான் காரணமா?

ஒரு பங்காக இருக்கலாம். லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தினர், கோவிட் வராதவர்களிடமும் அந்த வைரஸின் ஸ்பைக்கை, முக்கியமாக அதன் அடிப்பகுதியை, பிடிக்கும் ஆன்டிபாடிகள் இருப்பதையும், அது பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம் என்பதையும் 2020-ல் காட்டினார்கள். சிறுவர்களுக்குச் சளி அடிக்கடி வருவதால் அது பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் குழந்தைகளின் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள செல்கள் எப்போதும் உஷாராக இருந்து, வைரஸைக் கண்டதும், மற்ற செல்களை எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை மிக வேகமாகச் சுரக்கின்றன. எனக்கு இந்த விளக்கம்தான் பெரியதாகப் படுகிறது.

வயதானவர்கள் இந்தச் சளிகளை எத்தனையோ தடவை பார்த்தவர்கள். அவர்களுக்குத்தானே நோய் முற்றியது?

நியாயமான கேள்வி. நினைவு இருப்பது மட்டும் போதாது, அதன் தரமும் முக்கியம் என்பதுதான் பதில்.

ஜெர்மனியில் கீல் நகரத்துக் குழு, குறுக்காக வேலை செய்யும் டி செல்கள் வைரஸ் துண்டை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகின்றன என்று பார்த்தது. கோவிட் வராதவர்களிடம் இருந்த பழைய நினைவு செல்கள் பெரும்பாலும் தளர்வாகவே பற்றின. தீவிர நோயாளிகளிடமும் டி செல்கள் எண்ணிக்கையில் ஏராளமாக இருந்தன, ஆனால் பிடிப்பு தளர்வு. லேசான நோயோடு தப்பியவர்களிடம் பிடிப்பு இறுக்கமான செல்கள் அதிகம். ஒரு பழைய, அரைகுறையான நினைவு முந்திக்கொண்டு இடத்தை நிரப்பினால், புத்தம் புதிதாக உருவாக வேண்டிய சிறந்த செல்களுக்கு வாய்ப்பு குறையலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

வயதாக ஆக, எதையும் இதுவரை சந்திக்காத புதிய டி செல்களின் இருப்பும் குறைகிறது. பெர்லின் குழுவினர் பின்னர் 2021-ல், ஸ்பைக்கின் அடிப்பகுதியில் உள்ள ஒரு குறிப்பிட்ட துண்டுக்கு எதிரான பயனுள்ள குறுக்கு டி செல்கள் வயதோடு குறைவதையும் கண்டார்கள். இதோடு சம்பந்தமில்லாத ஆபத்துகளும் சேர்கின்றன. உதாரணமாக, உயிருக்கு ஆபத்தான கோவிட் நோயாளிகளில் குறைந்தது 10 சதவீதம் பேரிடம் தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. முதல்நிலைக் காவலே முடங்கிப்போன உடலில், பழைய சளியின் நினைவால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

பழைய எதிர்ப்பு சக்தியே நோயை மோசமாக்குமா? டெங்குவில் அப்படித்தானே நடக்கிறது?

டெங்குவில் நடக்கிறது, உண்மைதான். டெங்கு வைரஸில் நான்கு வகைகள். ஒரு வகைக்கு எதிராக உருவான ஆன்டிபாடி வேறொரு வகையைப் பிடிக்கும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. அப்படி ஒட்டிய ஆன்டிபாடியின் வாலை வெள்ளையணுக்கள் பற்றி உள்ளே இழுக்கும்போது வைரஸும் கூடவே போய் அங்கேயே பெருகுகிறது. அதனால்தான் இரண்டாவது டெங்கு ஆபத்தானது. முன்பு டெங்கு வராத குழந்தைகளுக்கு ஒரு டெங்கு தடுப்பூசி தீவிர நோயின் ஆபத்தைக் கூட்டலாம் என்று 2017 நவம்பரில் தெரிய வந்து, பிலிப்பைன்ஸில் பெரிய நெருக்கடி உண்டானது. பூனைகளுக்கு வரும் ஒரு கொரோனா வைரஸிலும் இதே சிக்கல் ஆய்வகத்தில் பார்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே 2020-ல் விஞ்ஞானிகள் பயந்ததில் தவறே இல்லை.

ஆனால் கோவிட்டில் அது நடக்கவில்லை. கோவிட் வைரஸ் முக்கியமாகப் பெருகுவது மூச்சுப்பாதை செல்களில், வெள்ளையணுக்களில் அல்ல. பிளாஸ்மா சிகிச்சையில் ஏராளமான நோயாளிகளுக்கு ஆன்டிபாடி நேரடியாகவே ஏற்றப்பட்டது. பலருக்கு அது பயன்படவில்லை, ஆனால் டெங்கு மாதிரி நோயைக் கிளறிவிட்டதாகத் தெரியவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு தொற்றியவர்களுக்கு நோய் மோசமாகவில்லை, லேசாகத்தான் ஆனது. இந்தப் பயத்தை இன்றும் காரணமாகச் சொல்லி யாராவது தடுப்பூசியைத் தவிர்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு கவலை கொஞ்சம் நுட்பமானது. உடல் முதன்முதலில் பார்த்த வைரஸின் பதிவு ஆழமாகப் பதிந்துவிட்டு, பின்னால் வரும் உறவுக்கார வைரஸுக்கும் பழைய ஆன்டிபாடியையே எடுத்து நீட்டும். ஃப்ளூவில் இதை 1960-லேயே தாமஸ் பிரான்சிஸ் விளக்கினார். கோவிட் நோயாளிகளிடமும், தொற்றியதும் ஓசி43-க்கு எதிரான ஆன்டிபாடி சட்டென்று உயர்வது பார்க்கப்பட்டது. சில ஆய்வுகளில் அது தீவிர நோயாளிகளிடம் அதிகம். அது தீங்கின் காரணமா, அல்லது வைரஸ் அதிகம் பெருகியதன் விளைவா என்பது இன்னும் தீராத வழக்கு. நான் விளைவு என்ற பக்கம் சாய்கிறேன்.

ஃப்ளூவில் இந்தப் பழைய பதிவு நன்மை செய்திருக்கிறதா?

தெளிவாகச் செய்திருக்கிறது. 2009-ல் பரவிய எச்1என்1, வழக்கத்துக்கு மாறாக வயதானவர்களை அதிகம் தாக்கவில்லை. அவர்கள் சிறுவயதில் சந்தித்த பழைய எச்1என்1 அதற்கு நெருக்கமாக இருந்தது. பறவைக் காய்ச்சல்களில் இன்னும் அழகான கணக்கு ஒன்று உண்டு. 1968-ல் எச்3 வகை ஃப்ளூ வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு எச்5என்1 தீவிரமாவது குறைவு, அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு எச்7என்9 தீவிரமாவது குறைவு. காரணம், எச்5 அதற்கு முன் சுற்றிய ஃப்ளூக்களின் உறவு, எச்7 எச்3-ன் உறவு. சிறுவயதில் முதலில் எந்தக் குடும்பத்து ஃப்ளூ வந்ததோ, அதன் உறவுகளிடமிருந்து அந்த நினைவு காக்கிறது.

அப்படியானால் அடிக்கடி சளி பிடிப்பது நல்லதா?

இல்லை. சளி உண்டாக்கும் வைரஸ்களில் கொரோனா ஒரு பங்குதான், ரைனோவைரஸால் வரும் சளி கோவிட் டி செல்லை உருவாக்காது. தவிர, வயதானவர்களுக்கும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் இந்தச் சாதாரண சளி வைரஸ்களே நிமோனியாவைக் கொண்டுவரும்.

என்னிடம் இந்த நினைவு இருக்கிறதா என்று டெஸ்ட் செய்ய முடியுமா?

ஆய்வகத்தில் முடியும். தனி நபருக்குப் பயன்படும் டெஸ்ட் கிடையாது. லேபில் எடுக்கும் கோவிட் ஆன்டிபாடி டெஸ்ட் இதைக் காட்டாது. ரத்தத்தில் இத்தனை டி செல் இருந்தால் பாதுகாப்பு என்று யாரும் வரம்பு வகுக்கவும் இல்லை.

காசநோய்க்கான பிசிஜி ஊசி போட்டவர்களுக்குப் பாதுகாப்பு என்றார்களே?

அது வேறு வழிமுறை, உறவுக்கார வைரஸின் நினைவு அல்ல. சுகாதாரப் பணியாளர்களிடம் நடந்த பெரிய பன்னாட்டுச் சோதனையில் பிசிஜி கோவிட்டைக் குறைக்கவில்லை.

பழைய நினைவு உள்ளவர்களுக்குத் தடுப்பூசி வேறு மாதிரி வேலை செய்யுமா?

கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். மாடர்னா தடுப்பூசியை வழக்கமான அளவில் கால்பங்கான 25 மைக்ரோகிராம் மட்டும் போட்டுப் பார்த்தபோது, முன்பே குறுக்கு டி செல்கள் இருந்தவர்களிடம் டி செல், ஆன்டிபாடி இரண்டும் வலுவாக எழுந்தன. ஆனால் தடுப்பூசியோ கோவிட் தொற்றோ தரும் நினைவு, சளி வைரஸின் நினைவைவிடப் பல மடங்கு துல்லியமானது. 2021 நவம்பரில் ஒமிக்ரான் வந்து ஆன்டிபாடிகளை எளிதாக ஏமாற்றியது. டி செல்களை அந்த அளவு ஏமாற்ற முடியவில்லை. தொற்று எகிறியபோதும், எதிர்ப்பு உள்ளவர்களிடம் நுரையீரல் பாதிப்பு அதே வேகத்தில் எகிறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கோவிட்டும் ஒரு நாள் சாதாரணச் சளியாகிவிடுமா?

அந்தத் திசையில் போகிறது என்று நினைக்கலாம். குழந்தையில் முதல் தொற்று, பிறகு அவ்வப்போது லேசான மறுதொற்று என்ற நான்கு சளி வைரஸ்களின் பாதையைக் கோவிட்டும் பிடிக்கும் என்று 2021-ல் ஒரு கணித மாதிரி சொன்னது. வரலாற்றிலிருந்து ஓர் ஊகமும் உண்டு. ஓசி43 மாடுகளின் கொரோனா வைரஸிலிருந்து சுமார் 1890-ல் பிரிந்தது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 2005-ல் மரபணு வரிசையை வைத்துக் கணித்தார்கள். 1889-90-ல் உலகைச் சுற்றிய 'ரஷ்யக் காய்ச்சல்' உண்மையில் ஓசி43-ன் வருகையாக இருக்கலாம் என்று சிலர் நினைப்பது அதனால்தான். நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் கோவிட் இன்றைக்கும் வயதானவர்களையும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களையும் கொல்கிறது, நீடித்த கோவிட்டும் இருக்கிறது. ஆக, 'வெறும் சளி' என்று இப்போதே சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

இனி ஒரு புதிய கொரோனா வைரஸ் வந்தால், இப்போது நம்மிடம் இருக்கும் நினைவு உதவுமா?

எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. சார்ஸ், கோவிட் இருக்கும் கிளையிலிருந்தே வந்தால் 2020-ஐவிட நல்ல நிலையில் இருப்போம். சிங்கப்பூரில் வாங் லின்ஃபாவின் குழு, 2003-ல் சார்ஸிலிருந்து பிழைத்த எட்டுப் பேருக்கு ஃபைசர் தடுப்பூசி போட்ட பிறகு அவர்கள் ரத்தத்தைச் சோதித்தது. சார்ஸ், கோவிட், அதன் திரிபுகள் மட்டுமல்ல, மனிதர்களை இன்னும் எட்டாத வௌவால், எறும்புண்ணி கொரோனா வைரஸ்களையும் அந்த ஆன்டிபாடிகள் செயலிழக்கச் செய்தன. ஒரே வைரஸை இரண்டு முறை பார்ப்பதைவிட, இரண்டு உறவுக்கார வைரஸ்களை அடுத்தடுத்துப் பார்ப்பது பரந்த நினைவைத் தருகிறது. பல கொரோனா வைரஸ்களின் துண்டுகளை ஒரே ஊசியில் சேர்க்கும் முயற்சிகள் இந்த வழியில்தான் போகின்றன.

மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸ் இருக்கும் கிளை தள்ளியிருக்கிறது. பதிவான நோயாளிகளில் சுமார் 35 சதவீதம் பேரைக் கொன்ற வைரஸ் அது. அங்கிருந்து ஒன்று வந்தால் ஆன்டிபாடியிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. உள்புரதங்களை அடையாளம் காணும் டி செல்கள் கொஞ்சம் கைகொடுக்கலாம். இன்று பரவலாகப் போடப்படும் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் ஸ்பைக் மட்டும்தான் இருக்கிறது. நகலெடுக்கும் புரதங்களையும் அடுத்த தலைமுறைத் தடுப்பூசிகளில் சேர்க்க வேண்டும் என்று மைனி, லால்வானி போன்றோரின் குழுக்கள் சொல்வது இதற்காகத்தான்.